முப்பத்தொரு கிலோ

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரிஸில்லாவின் கண்ணில் முதலில் பட்டது மேட்ரன் பியாட்ரிஸ்தான். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். மேட்ரன் வாசல் வரை வந்து நிற்கிறார் என்றால் அது நல்ல சேதியாக இருக்காது. பதினாறு வருட சர்வீஸில் இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

"இன்னையிலருந்து நீ கேன்சர் யூனிட் பாத்துக்கோம்மா. ரெண்டு மாசத்துல நாலு பேர் விழுந்துட்டாங்க. அதுல ஒருத்தர் போயே போயிட்டாங்க. இனி ஒருத்தரும் விழக் கூடாது."

"விழறது என் கையிலயா இருக்குது மேடம்?"

"பின்னே யார் கையில இருக்குது?" என்று கேட்டுவிட்டு மேட்ரன் உள்ளே நடந்தார்.

அந்த வருஷம் மலை முழுக்கவே களைத்துப் போயிருந்தது. பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லை. பறித்த கொழுந்தை நடுரோட்டில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. கையில் தெம்பு இருந்தவர்கள் எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, லைன் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு பனியன் தைக்கப் போய்விட்டார்கள். மலையில் மிஞ்சியவர்கள் வயசானவர்களும் நோயாளிகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ள பிரிஸில்லா மாதிரி சிலரும்தான். பிரிஸில்லாவும் லைன் வீட்டில் பிறந்தவள்தான். அம்மா முதுகு வளையக் கொழுந்து பறித்ததைப் பார்த்து, இந்தப் பச்சை வாசனையே இனி வேண்டாம் என்று வெள்ளை உடுப்புக்கு வந்தவள். வந்து என்ன சுகத்தைக் கண்டாள்? உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று நின்றுகொண்டே டீ குடிக்கப் பழகியிருந்தாள். இரட்டை டியூட்டியில் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

யூனிட், வராந்தாவின் கடைசியில் இருந்தது. எட்டுக் கட்டில், எட்டிலும் பெண்கள். போன வருஷம் வரை அது பொது வார்டு. ஜன்னலுக்குக் கீழே பக்கத்து எஸ்டேட்டின் தேயிலை, பறிக்க ஆளில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. வார்டு மூலையில் பழைய எடை மெஷின் ஒன்று. ஏறி நிற்க இரும்புத் தட்டு, எதிரே கடிகாரம் போல வட்டம், அதில் சிவப்பு முள். கீமோ மருந்தை உடம்பின் எடையை வைத்துத்தான் கலக்க வேண்டும் என்பதால் திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் அதில் ஏற்றி இறக்குவார்கள்.

பிரிஸில்லா மேசையில் உட்கார்ந்து, விழுந்தவர்களைப் பற்றி எழுதிவைத்த நோட்டைப் பிரித்தாள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி ஏற்றியிருந்தார்கள். வழுக்கும் செருப்பைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கொருதரம் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனார்கள். எழுந்தால் தெரியட்டும் என்று கம்பியில் ஒரு சின்ன மணிகூடக் கட்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் தரை துடைக்கக் கூடாது என்று வார்டு ஆயா பங்கஜத்துக்குத் தனியாக உத்தரவு. அப்படியும் நாலு பேர் விழுந்திருந்தார்கள்.

நாலு பேரும் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். குன்னூர் டீச்சரம்மாவும் ஊட்டி மளிகைக்கடைக்காரர் மனைவியும் அதே வார்டில், அதே மருந்தில், அதே தலைசுற்றலோடு இருந்தார்கள். அவர்கள் விழவில்லை. நாலு பேரும் விழுந்த நேரம் சாயந்திரம் நாலு மணி, இல்லாவிட்டால் நாலே கால்.

பிரிஸில்லாவை உறுத்தியது வேறொன்று. மனுஷர் விழுந்தால் கை தானாக முன்னால் ஊன்றும். அதனால்தான் விழுந்தவர்களுக்கு முதலில் மணிக்கட்டு உடையும். இந்த நாலு பேருக்கும் மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மூக்கும் நெற்றியும் பல்லும்தான் போயிருந்தன. 'இரண்டு கையும் தலைக்கு மேலே நீட்டிய நிலையில்' என்று நாலு பக்கத்தில் நாலு கையெழுத்தில் எழுதியிருந்தது.

ஒருவரும் கையை ஊன்றவில்லை.

*

ஆறாம் கட்டிலில் பாப்பம்மாள் படுத்திருந்தாள், அவளும் கொழுந்து பறித்தவள். வயது ஐம்பத்தெட்டு. ரத்தப் புற்றுநோய். கொடுத்த மருந்து நோயோடு சேர்த்து ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டையும் தின்று தீர்த்திருந்தது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே தோல் கன்றி நீலமாகும். விழுந்தால் உள்ளே கசிகிற ரத்தத்தை நிறுத்த எதுவும் கிடையாது. பிளேட்லெட் கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டும். அதை வாங்கி வர மகள் இந்து அன்று காலையிலேயே கிளம்பிக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஓடி வந்த பெண்.

"சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் அம்மாவ விழாம பாத்துக்குங்க. அது போதும்ங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"போயிட்டு வா கண்ணு. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே உட்கார்ந்தாள். மூன்றரைக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டமாக மஞ்சு ஏறி வந்தது. முதலில் தேயிலையை மூடியது, பிறகு ஜன்னலை. வார்டில் லைட்டைப் போட்டும் வெளிச்சம் எடுபடவில்லை. மருந்து நெடியும் டெட்டால் நெடியும் மெல்ல விலகிக்கொண்டன.

பச்சைக் கொழுந்து வாசனை வந்தது.

சாக்கில் அடைத்து, மழையில் நனைந்து, உள்ளுக்குள்ளே சூடேறிய கொழுந்தின் வாசனை. பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஒரு வருஷமாகிறது.

மணி கிணுங்கியது. திரும்பினாள். பாப்பம்மாள் கம்பிக்கு மேலே ஒரு காலைப் போட்டிருந்தாள். பாய்ந்து போய்த் தோளை அணைத்து மெல்லப் படுக்க வைத்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கை கேக்கறா சிஸ்டர்." பாப்பம்மாளின் பார்வை கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. "மூட்டைய வெச்சுக்கிட்டு ஒத்தையில நிக்கறா. பாவமுங்க. தூக்கி வுட்டுட்டு வந்து படுத்துக்கறேன்."

கால்மாட்டில் மஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பிரிஸில்லாவுக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட்டில் பிறந்தவளுக்குப் புரியாமல் போகுமா? நிறைந்த கொழுந்து மூட்டையை எந்தப் பெண்ணும் தானாகத் தன் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருத்தி எதிரே நின்று இரண்டு கையாலும் தூக்கி விட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருக்கட்டும், நேற்றுக் குழாயடியில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவளாக இருக்கட்டும், 'கொஞ்சம் கை குடு' என்று கேட்டால் மறுக்கிற பழக்கமே தோட்டத்தில் கிடையாது. காய்ச்சலில் படுத்தவள்கூட எழுந்து போய்த் தூக்கி விடுவாள். விழுந்த நாலு பேரும் அதற்குத்தான் எழுந்திருக்கிறார்கள். இரண்டு கையிலும் பாரம் இருக்கும்போது தரையில் எதை ஊன்றுவது?

நாலரைக்கு மஞ்சு கலைந்தது. வாசனையும் போனது.

*

பங்கஜம் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பக்கத்து எஸ்டேட்டில் பறித்துக்கொண்டிருந்தவள்தான். எஸ்டேட் மூடிய பிறகு இங்கே துடைப்பத்தைப் பிடித்தாள். யார் விழுந்தாலும் முதல் திட்டு அவளுக்குத்தான். தரையை ஈரமாக விட்டாய் என்பார்கள். ஒரு தடவைகூட அவள் எதிர்த்துப் பேசியதில்லை. அது ஏன் என்று பிரிஸில்லா அன்றைக்குத்தான் யோசித்தாள்.

"பங்கஜம், யாரது?"

பங்கஜம் 'யாரு' என்று திருப்பிக் கேட்கவில்லை. பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மருதாயிங்க சிஸ்டர்."

பிரிஸில்லா குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"இனி கொழுந்து எடுக்க மாட்டோம்னு அன்னிக்கு மூணு மணிக்கு மேல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நாங்கெல்லாம் கொட்டிட்டு ஊட்டுக்குக் கெளம்பிட்டோம். அவ தூரத்துக் காட்டுல தனியா பறிச்சுட்டு இருந்திருக்கறா, தெரியாது. நாலு மணிக்கு மூட்டையோட வந்து எடை போடற எடத்துல எறக்கி வெச்சா. எடை போட ஆளில்ல, ஷெட்டு பூட்டியாச்சு. கொட்டிட்டு வாடின்னோம். மாட்டேன்னுட்டா. முப்பத்தொரு கிலோ இருக்குதுடி, ஃபேக்டரிக்கே கொண்டு போய்க் காட்டறேன், கொஞ்சம் கை குடுங்கடின்னு போறவள வர்றவள எல்லாம் கேட்டா. கையிலயே எடை சொல்லிருவா அவ, அரைக் கிலோ தப்பாது."

"யாரும் குடுக்கலையா?"

"எல்லாருக்கும் அன்னிக்கு வவுத்தெரிச்சல் சிஸ்டர். இந்த எழவு எலைய இனி எவ தூக்கறதுன்னு திட்டிக்கிட்டே போயிட்டோம்." பங்கஜம் மூக்கைச் சிந்தினாள். "கடைசியா போனது நானுங்க. எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. காது கேக்காத மாதிரி போயிட்டேன்."

மருதாயி தானாகவே தூக்கிப் பார்த்திருக்கிறாள். வழுக்கி, கால்வாய்க் கல்லில் தலை மோதிவிட்டது. இந்த வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள், இதே ஆறாம் கட்டிலுக்கு. கண் திறக்காமல் இரண்டு நாள் கிடந்தாள். நாலு மணியானால் மட்டும் இரண்டு கையும் மேலே எழும்பும் என்றாள் பங்கஜம். மூன்றாம் நாள் எழும்பவில்லை.

"அவ கூப்பிடுவா, கை குடுக்கலாம்னுதானுங்க இங்க வேலைக்கு வந்தேன். வாசனை எனக்கும் வருது. எல்லாரையும் கூப்பிடறா சிஸ்டர். என்னைய மட்டும் கூப்பிட மாட்டேங்கறா."

பிரிஸில்லாவுக்கு அவளைத் திட்டவும் தோன்றியது, கட்டிப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் தெம்பு இல்லை. நின்றபடியே ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

இரவு ஏழு மணிக்கு போன் வந்தது. இந்து மலைப்பாதையில் பர்லியாரிலிருந்து பேசினாள். மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. மாற்றுப் பாதையான கோத்தகிரி வழியிலும் மரம் விழுந்து கிடக்கிறது. நாளை சாயந்திரத்துக்கு முன்னால் எந்த வண்டியும் மேலே ஏறாது.

"பிளேட்லெட்டு மடியிலதான் இருக்குதுங்க சிஸ்டர். ஆடாம வெச்சா கெட்டுப் போயிருமாம். கொழந்தைய ஆட்டற மாதிரி ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கேன். அம்மா விழலையே?"

"விழல," என்றாள் பிரிஸில்லா. "விழ மாட்டாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, நாளைக்கும் ஒரு நாலு மணி உண்டு.

*

மறுநாள் மூன்று மணிக்கே பாப்பம்மாளின் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டார்கள். இந்தப் பக்கம் பிரிஸில்லா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தரையில் ரப்பர் பாய், அதன் மேல் இரண்டு மெத்தை. மேட்ரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பங்கஜம் எடை மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மஞ்சு ஏறியது.

ஜன்னல் மறைந்தது. எதிர்க் கட்டில் மறைந்தது. டீச்சரம்மாவின் இருமல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

வாசனை நேற்றைவிட அதிகமாக இருந்தது. நனைந்த சாக்கு நாற்றமும் அதில் கலந்திருந்தது. கால்மாட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

சொட்டு.

இன்னொரு சொட்டு.

பாப்பம்மாள் கண்ணைத் திறந்தாள். பிரிஸில்லா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுங்க சிஸ்டர். கேக்கறா பாருங்க."

"படுங்கம்மா. இந்து வந்துட்டே இருக்குது."

"ஒரே நிமிசமுங்க."

நேற்று வரை கிளாஸைத் தூக்கத் தெம்பில்லாத கை அது. இப்போது அது பிரிஸில்லாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழுந்தது. பிரிஸில்லா பிடியை இறுக்கினாள். இறுக்கிய இடத்தில், அவள் விரல்களுக்குக் கீழேயே, தோல் நீலமாகிக்கொண்டு வந்தது. பிடித்தால் உள்ளே ரத்தம் கசியும். விட்டால் விழுவாள்.

பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

பாப்பம்மாளின் காது பக்கம் குனிந்தாள்.

"நீங்க படுங்க. நான் தூக்கி விடறேன்."

பாப்பம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"லைன்ல பொறந்தவதான் நானும்."

கையில் இருந்த இழுப்பு தளர்ந்தது. பிரிஸில்லா எழுந்து கால்மாட்டுக்குப் போனாள். நாலே எட்டு தூரம்தான். யாரும் தெரியவில்லை. ஆனால் எதிரே ஒருவர் மூச்சு வாங்குவது முகத்தில் பட்டது. நாளெல்லாம் மலையேறி இறங்கியவள் வாங்குகிற மூச்சு.

"கொஞ்சம் கை குடு புள்ள."

காதுக்குள்ளேதான் கேட்டது. அதட்டலே இல்லை. அத்தனை களைப்பு அந்தக் குரலில்.

பிரிஸில்லாவுக்கு அப்போது பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. குனிந்தாள். கை சாக்கின் நுனியைத் தொட்டது. ஈரம், சூடு, கனம். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அம்மாவுக்குத் தூக்கி விட்ட அதே கனம். மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். நெஞ்சு வரை வந்தது, தலை உயரத்துக்கு வந்தது. வாங்கிக்கொள்ள எதிரே தலை இல்லை.

இரண்டு கையும் மேலே இருக்க, கால் தடுமாறியது. இப்படித்தான் நாலு பேரும் விழுந்திருக்கிறார்கள்.

இதை ஏற்றி விட்டால் மட்டும் இவள் எங்கே கொண்டு போவாள்? ஃபேக்டரி பூட்டிக் கிடக்கிறது. அன்றைக்கு இதை யாருமே எடை போடவில்லை. அந்த நினைப்பு வந்ததும் பாரத்தைத் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டாள். கழுத்து நறுக்கென்றது.

"வா மருதாயி. எடை போடலாம்."

மஞ்சுக்குள் அடி அடியாக நடந்தாள். பின்னால் ஈரக் காலடி தொடர்ந்து வந்தது. மூலையில் பங்கஜத்தின் விசும்பல் கேட்ட பக்கமாகப் போய், இரும்புத் தட்டின் மேல் பாரத்தை இறக்கினாள்.

தட்டு கிறீச்சிட்டது. சிவப்பு முள் எழுந்தது. பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி, நடுங்கி நின்றது.

முப்பத்தொன்று.

தட்டின் மேல் ஒன்றுமே இல்லை.

"முப்பத்தொண்ணு," என்று பிரிஸில்லா உரக்கச் சொன்னாள், எடை போடுகிறவர்கள் சொல்கிற மாதிரி. காதருகே ஒரு பெருமூச்சு கேட்டது. மஞ்சு கலைந்தது.

பாப்பம்மாள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு இந்து வந்தாள், தொப்பலாக நனைந்து, மடியில் பெட்டியை இன்னும் ஆட்டிக்கொண்டே.

*

அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. மேட்ரன் ஒரு கரும்பலகை மாட்டி, விழாத நாட்களைத் தினமும் எழுத வைத்தார். முள் மட்டும் கீழே இறங்கவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து பிரித்துப் போட்டுப் பார்த்தார். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். புது மெஷின் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது ஆபீஸ். ஆகவே திங்கட்கிழமைகளில் யார் ஏறினாலும் வருகிற எடையில் முப்பத்தொன்றைக் கழித்து எழுதினார்கள். புதிதாக வரும் நர்ஸ்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்க அவர்களுக்கும் நேரம் இல்லை.

வீட்டுக்குப் போகும் அன்று பாப்பம்மாளும் ஏறினாள். முள் எழுபத்தைந்தில் நின்றது. நாற்பத்துநாலு என்று எழுதிக்கொண்டாள் பிரிஸில்லா.

"தட்டு ஈரமா இருக்குதுங்க சிஸ்டர்," என்றாள் பாப்பம்மாள் இறங்கும்போது.

"பங்கஜம் துடைச்சிருப்பா."

"நான் தொடைக்கலீங்க," என்றாள் பங்கஜம்.

நாள் போகப் போகக் கட்டுப்பாடு தளர்ந்தது. கம்பியில் கட்டிய மணி எங்கேயோ போனது. மெத்தைகள் ஸ்டோருக்குத் திரும்பின. மத்தியானத்துக்கு மேல் துடைக்கக் கூடாது என்ற உத்தரவையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பங்கஜம் மட்டும் நாலு மணியானால் எடை மெஷின் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு வேலையைப் பார்க்கப் போவாள்.

கரும்பலகையில் நாற்பத்தொன்று என்று எழுதிய அன்று மறுபடி நல்ல மஞ்சு. பிரிஸில்லா மேசையில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது. வார்டின் அந்தக் கோடியிலிருந்து பங்கஜம் பின்னால் நகர்ந்து நகர்ந்து தரை துடைத்துக்கொண்டு வந்தாள். வழிநெடுக சோப்புத் தண்ணீர் பளபளத்தது.

மூலையில் கிறீச் என்றது.

பிரிஸில்லா தலை நிமிர்ந்தாள். சிவப்பு முள் முப்பத்தொன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருபது. பத்து. பூஜ்யத்தில் வந்து நின்றது.

யாரோ பாரத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பச்சைக் கொழுந்து வாசனை வந்தது.

துடைப்பக் கட்டை தரையில் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பங்கஜம் நிமிர்ந்து நின்றாள். வார்டின் அந்தக் கோடியைப் பார்த்த அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை பிரிஸில்லா அதுவரை கண்டதில்லை.

"எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா சிஸ்டர்," என்றாள் பங்கஜம். "இதோ வந்துட்டேன் மருதாயி!"

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தரை இன்னும் காயவில்லை.